ஆறே முக்கால் மணி

1

கனடாவின் கிழக்கு ஓரத்து ஹாலிஃபாக்ஸிலிருந்து மேற்கு ஓரத்து வான்கூவர் போக எனக்கு ஒரு விமான டிக்கெட் தேவைப்பட்டது. தூரம் நாலாயிரத்து நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். புறப்பாடு காலை எட்டு, வருகை பத்தே முக்கால். அடடா, இரண்டே முக்கால் மணிதானா என்று ஒரு நொடி ஏமாந்தேன். அங்கே கடிகாரம் நாலு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. உண்மையில் ஆறே முக்கால். நான் ஏமாந்த அந்த ஒரு நொடியில்தான் என் கதையின் நாயகர் லாயிட் பிறந்தார்.

2

ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை காலை, மூடுபனி விலகாத விமான நிலையத்தில்...

(வேண்டாம். பனியில் ஆரம்பித்தால் பனியிலேயே நின்றுவிடுவேன்.)

நேராகச் சொல்கிறேன். லாயிட், ஹாலிஃபாக்ஸுக்குப் பக்கத்து ஊரான லூனன்பர்க்கில் சிங்கி இறால் பிடிக்கும் மீனவர். திறந்த கடலில் பதினைந்து மணி நேரம் நிற்பார். மூடிய இடத்தில் மூச்சு முட்டும். லிஃப்டில்கூட ஏறமாட்டார். நாளை வான்கூவரில் மகள் ஹெதருக்குக் கல்யாணம்.

"மூணு மணி நேரம்னா பல்லைக் கடிச்சுக்குவேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் முடியாது" என்றிருந்தார். ஒரு மாதம் முன்பு மனைவி வெர்னா டிக்கெட்டைக் காட்டினாள். எட்டு, பத்தே முக்கால். மனக்கணக்காகக் கழித்துப் பார்த்துத் தலையாட்டினார். வெர்னா வாயைத் திறக்கவில்லை.

[எட்டு வருஷமாக மகள் அங்கே இருக்கிறாள், நேர வித்தியாசம் தெரியாதா என்பீர்கள். நானும் சந்தேகப்பட்டேன். விடியுமுன் படகேறுகிறவர் சாப்பிட்ட கையோடு தூங்கிவிடுவார். தொலைபேசி வெர்னாவின் இலாகா. இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.]

3

வெர்னா எல்லாவற்றையும் யோசித்திருந்தாள், ஒன்றைத் தவிர. கடலோடி தூரத்தைக் கேட்கமாட்டான், காற்றைக் கேட்பான்.

"காத்து எந்தப் பக்கம்மா?" என்று விமானமேறும் வாயிலில் டிக்கெட் பார்க்கும் பெண்ணிடம் கேட்டார் லாயிட்.

"எதிர்க்காத்துதான் சார். ஆறே முக்கால் மணி ஆகும்."

லாயிட் பையைக் கீழே வைத்தார். "வெர்னா, என்ன சொல்றா இவ?"

"சரியாத்தான் சொல்றா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நாப்பது வருஷத்துல நீ ஒரு பொய் சொன்னதில்ல."

"இப்பவும் சொல்லலையே. நீயா கழிச்சே, நீயா தலையாட்டினே."

"ஏமாத்துக்காரி."

"ஆமா. உண்மையச் சொல்லியிருந்தா வாசப்படி தாண்டியிருப்பியா, கிழவா?"



4

ஒரு முடிவு: "எனக்கு முன்னாடியே தெரியும்டி" என்று லாயிட் சிரிக்கிறார். எழுதி, அடித்துவிட்டேன். வெர்னாவின் ஒரு மாதத் தவிப்பை அது மலிவாக்குகிறது.

இன்னொன்று: விமானம் ரத்து. (கோழைத்தனம். லாயிடுடையது அல்ல, என்னுடையது.)

வான்கூவரைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து வைத்தால் என்ன என்றுகூட... முடியவில்லை. பெயரை மாற்றலாம், வயதை மாற்றலாம். தூரம் என் பேச்சைக் கேட்பதில்லை.

கடைசி அழைப்பு வந்துவிட்டது. லாயிடின் டிக்கெட்டை அவர் கையிலேயே வைக்கிறாள் வெர்னா.

"நான் போறேன். ஹெதர் பக்கத்துல நம்மள்ல ஒருத்தராவது நிக்கணும். வரதா இருந்தா வா. கெஞ்சமாட்டேன்."

விமானத்துக்குப் போகும் நீளமான பாதையில் நடக்கிறாள். திரும்பிப் பார்க்கவில்லை; பார்த்தால் கெஞ்சிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். நானும் பார்க்கப் போவதில்லை. நீங்கள் அவளுக்குப் பின்னால்தான் வருகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் காலடிச் சத்தம் ஏதாவது கேட்கிறதா?