மெஷின் தயாராகும் வரை

லேப்டாப்பில் பழைய பைத்தான் மென்பொருளை நீக்கு என்று ஒற்றை வரியில் கட்டளை கொடுத்தாள். அதோடு சேர்ந்து எவையெல்லாம் போகும் என்று திரை முழுக்க ஒரு நீளப் பட்டியல் ஓடியது. படிக்கப் பொறுமையில்லை. சரி என்று தட்டினாள்.

லேப்டாப்பையே இயக்கும் லினக்ஸே அந்தப் பழைய பைத்தானின் தோளில்தான் உட்கார்ந்திருந்தது என்பது திரை கறுத்த பிறகே உறைத்தது. ஐகான்கள் போயின, வைஃபை போயிற்று. மிச்சம் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

நாளைக்கு வேலையில் சேர வேண்டும். கம்பெனி கேட்ட புதிய பைத்தானும் அதோடு சேரும் துணை பேக்கேஜ்களும் இன்றைக்கே ஏறியிருக்க வேண்டும். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். முதல் நாளே திருதிருவென்று முழிக்க முடியாது.

கதவைத் திறந்தாள். கூடத்துக் கட்டிலில் அப்பா. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், இப்போது மூச்சை ஓட்டவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் கைவிரித்தாயிற்று.

"என்னம்மா, ஸ்டார்ட் ஆகலையா? எறங்கித் தள்ளட்டுமா?"

"நீங்க பேசாம படுங்கப்பா." சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணனிடம் திரும்பினாள். "மூச்சு கொஞ்சம் மாறினாலும் என்னைக் கூப்பிடு. பாதி வேலைன்னாலும் போட்டுட்டு வர்றேன்."

"கூப்பிடாம இருப்பனா? போ, போய் முடி." கதவை அவனே சாத்தினான்.

போனைக் கேபிளில் செருகி நெட் வாங்கினாள். போனதையெல்லாம் மணிக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கெஞ்சிக் கூத்தாடித் திரும்பக் கொண்டுவந்தாள். பிறகு பழையதன்மேல் கைவைக்காமல், தனி ஃபோல்டரில் புதியதை ஏற்றினாள். நடுவில் அம்மா டீ கொண்டுவந்தாள்.

"அப்பா?"

"தூங்கறாரு." டம்ளரை வைத்துவிட்டு அம்மா சட்டென்று போய்விட்டாள்.

கடைசி பேக்கேஜும் பிழையில்லாமல் ஏறியது. கம்பெனிக்கு 'ரெடி' என்று அனுப்பிவிட்டு, "தள்ளாமலே ஸ்டார்ட் ஆயிடுச்சுப்பா" என்றபடி வெளியே வந்தாள்.

கூடத்தில் வாடகை நாற்காலிகள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அழுகையைக்கூட அடக்கி வைத்திருந்தார்கள், அவள் காதில் விழக்கூடாதென்று. அப்பா புதுச் சட்டையில், சவரம் செய்த முகத்தோடு, தலை வாரிப் படுத்திருந்தார்.

"எப்போ?"

அண்ணன் அம்மாவைப் பார்த்தான்.

"நீ டீ கொண்டாந்தியேம்மா, அப்போவா?"

அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுக்கு முன்னாடியே," என்றான் அண்ணன். "உன் வேலை கெட்டுடக் கூடாதேன்னுதான்..."

"என் வேலைடா! கெட்டா என்னோட கெடுது. என்னை ஒரு வார்த்தை கேட்டியா? தெருவுக்கே தெரிஞ்சிருக்கு, சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற எனக்குத் தெரியல."

"நல்லதுக்குத்தானேம்மா செஞ்சான்," என்றாள் எதிர் வீட்டு அத்தை.

"நீங்க சும்மா இருங்க அத்தை." அண்ணனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "அப்பா என்னைக் கேட்டாரா?"

அவன் மூக்கை உறிஞ்சினான். "கேட்டாரு. வர்றா, வர்றான்னு சொல்லிட்டே இருந்தேன்."

அவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். அப்பாவின் காது மடலுக்குப் பின்னால் சவர நுரை காய்ந்து வெள்ளையாய் ஒட்டியிருந்தது. அண்ணன் ஈரத்துணியை நீட்டினான். வாங்கவில்லை. விரல் நுனியை நாக்கில் நனைத்து, மெல்லத் தேய்க்கத் தொடங்கினாள்.