கேதீஸ்வரி நண்டு தின்ற நாள்

கேதீஸ்வரிக்குத் தோளிலிருந்து முழங்கை வரை பலம் கிடையாது. தசைநோய். விரல்கள் பிடிக்கும், பிடித்ததை வாய்க்குக் கொண்டுபோகத்தான் கை எழும்பாது. அதனால் ஆரையம்பதி வீட்டில் மூன்று வேளையும் தங்கை கம்சாயினிதான் அவளுக்குச் சோறு தீத்துவாள். தீத்துகிறவள் தொட்டதே கறி, உருட்டியதே கவளம். மூக்கில் கடித்தாலும் தங்கையைத்தான் கூப்பிட வேண்டும். அவளும் ஓடிவந்து, கடிக்கிற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் சொறிவாள்.

ஒரு தொண்டு நிறுவனம் கேதீஸ்வரிக்குக் கைதாங்கி ஒன்று கொடுத்தது. மேசை விளிம்பில் பூட்டுகிற இரும்புத் தண்டு, இரண்டு மூட்டு, முன்கையை வைக்க ஓர் ஏந்தி, கையின் பாரத்தைத் தூக்க ரப்பர் பட்டிகள். பூட்ட வந்தவன் காத்தான்குடி றுஸ்தி. முதல் தடவை பட்டிகளைக் கூடுதலாகப் போட்டுவிட்டான். அவன் பிடியை விட்டதுதான் தாமதம், கேதீஸ்வரியின் கை விருட்டென்று எழும்பி அவன் நாடியில் ஒன்று வைத்தது.

"என்னக்கா, அடிச்சிட்டீங்க!"

"எத்தின வருசமா ஒருத்தருக்கும் அடிக்கல்ல தம்பி. கொஞ்சம் பொறுத்துக்க."

றுஸ்தி இரண்டு பட்டிகளைக் கழற்றினான். கை மிதப்பதுபோல் நின்றது. கேதீஸ்வரி அதை மெல்ல முகத்துக்குக் கொண்டுபோய் மூக்கைச் சொறிந்தாள். "தோல் போயிரும்" என்று கம்சாயினி கத்தும்வரை சொறிந்தாள்.

அடுத்த வாரம் நிறுவனத்தின் அதிகாரி கோணாமலை, படம் பிடிக்கிறவர் ஒருவரோடு வந்தார். சலவை மடிப்பு உடையாத வெள்ளைச் சட்டை. கேதீஸ்வரி தானாகத் தேநீர் குடிக்க வேண்டும், சிரிக்க வேண்டும், முடிவில் நன்றி சொல்ல வேண்டும். அதுதான் அவருடைய திட்டம்.

"ரெண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு போடுங்க தங்கச்சி."

"ஒரு கைக்குத்தானே ஐயா தந்தீங்க. மத்தக் கைக்கும் தாங்க, கும்பிடுறன்."

முதலில் சாப்பிடுவோம் என்றார் கோணாமலை. விருந்தாளிகளுக்கென்று கம்சாயினியின் கணவன் சதீசன் வாவியில் பிடித்த நண்டு கறியாகிக் கிடந்தது. கேதீஸ்வரியின் தட்டில் மட்டும் பருப்பும் பூசணியும்.

"எனக்கு நண்டு?"

"உனக்கு எப்பவும் பூசணிதானே அக்கா," கம்சாயினி குரலைத் தாழ்த்தினாள். "நண்டு விருப்பமெண்டு ஒரு நாளும் சொல்லல்லயே?"

"நீ தீத்தக்குள்ள வாய் நிறையச் சோறு. எப்பிடிச் சொல்லுற?"

சதீசனுக்குச் சிரிப்பில் புரைக்கேறியது. கம்சாயினி பானையிலேயே பெரிய காலாகப் பார்த்து எடுத்து, தட்டில் டக்கென்று வைத்தாள்.

கேதீஸ்வரி அதைப் பிடித்தாள். கை பாதிவழி போனதும் நண்டுக்கால் வழுக்கி மடியில் விழுந்தது. கம்சாயினி எடுத்துக் கொடுத்தாள். இரண்டாம் தடவை வாய்க்கே வந்து சேர்ந்தது. கைதான் நோயாளி, பல்லுக்கு ஒரு குறையுமில்லை. ஒரே கடி. ஓடு வெடித்தது. உள்ளிருந்த குழம்பு பீறிட்டுப் போய்க் கோணாமலையின் சட்டைப் பையில் குந்தியது. படம் பிடிக்கிறவர் சரியாக அந்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டார்.

"தேத்தண்ணி குடிக்கிற படத்த எடுப்பமா?" கோணாமலை சட்டையைத் துடைத்தபடியே கேட்டார்.

"எடுப்பம் ஐயா. இன்னும் ரெண்டு கால் இரிக்கு."

தேநீர் ஆடை கட்டியது. அவர்களுக்கு இன்னொரு வீட்டுக்கும் போக வேண்டியிருந்தது. போய்விட்டார்கள்.

கேதீஸ்வரிக்கு மூக்கிலிருந்து முழங்கை வரை குழம்பு. ஈரத்துணியோடு வந்த கம்சாயினி, துடைக்கக் குனிந்தவள் நிமிர்ந்து, துணியை அக்காவின் கைக்குக் கீழே போட்டாள்.

"நீயே துடை."

"கோவமா?"

"ஓம். நீ முடிச்சாப் பிறகு நான் ஆறின சோறுதான் திண்டன், ஒவ்வொரு நாளும். நீ என்னண்டா நண்டு நினைப்பில இருந்திரிக்காய்."

கேதீஸ்வரி எதிரே இருந்த கதிரையைக் கண்ணால் காட்டினாள்.

"சோறு இன்னும் சூடாத்தான் இரிக்கு. இரி புள்ள," என்றாள்.

கம்சாயினி தட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பானையில் மிஞ்சியது ஒரே ஒரு சினை நண்டு. இருவரும் அதைப் பார்த்தார்கள். கேதீஸ்வரியின் கை கைதாங்கியில் ஆடி ஆடிப் புறப்பட்டது. அது மேசையில் பாதியைக் கடப்பதற்குள் கம்சாயினி நண்டை எடுத்து ஓட்டைப் பிளந்து, சிவந்த சினை முழுவதையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அடி கள்ளி!"

கம்சாயினி விரலைச் சூப்பியபடி தலையாட்டினாள்.