பேயாண்டியின் மூன்றாவது கை

சோழவந்தானில் புதிதாக வெற்றிலைத் தோட்டம், அதாவது கொடிக்கால், போடுகிறவர்கள் கொடியை எங்கே வேண்டுமானாலும் வாங்குவார்கள். முதல் கொடியை நடுவதற்கு மட்டும் பேயாண்டிதான் வரவேண்டும். அவர் கை பட்டு ஒரு கொடிகூட வாடியதில்லை என்று பேச்சு. வாடியதும் உண்டு. அதற்குத் தண்ணீர் சரியில்லை, பூச்சி விழுந்துவிட்டது, பக்கத்துக் கொடிக்கால்காரன் கண் பட்டுவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்களே தவிர, பேயாண்டி மேல் பழி விழாது.

அவருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. இருந்ததெல்லாம் அந்தக் கைராசிதான். போன இடத்தில் ஒரு நாற்காலி, முதல் டீ, 'அண்ணே வந்துட்டாக' என்று விலகி வழிவிடும் கூட்டம். இதெல்லாம் போய்விட்டால் தான் யார் என்பதே மனுஷருக்குச் சந்தேகமாகிவிடும்.

அப்படிப்பட்டவரைத் தேடித்தான் விளாங்குடியிலிருந்து வித்யாஸ்ரீ வந்தாள். மதுரையில் ஒரு கல்லூரியில் மனோதத்துவ ஆராய்ச்சி செய்கிற பெண். கண்ணும் உடம்பும் மனசும் நம்மை எப்படியெல்லாம் ஏமாற்றுகின்றன என்பது அவள் பாடம். ஒன்றை அடுத்து ஒன்று நடந்தால் முந்தியதுதான் பிந்தியதற்குக் காரணம் என்று மனசு முடிச்சுப் போட்டுவிடும், கைராசியும் அந்த மாதிரி ஒரு முடிச்சுதான் என்பது அவள் கட்சி. அதையெல்லாம் சொல்லாமல், உங்கள் கையை ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று மட்டும் சொன்னாள். பேயாண்டி குளித்து, திருநீறு பூசி, சலவை வேட்டியோடு வந்து உட்கார்ந்தார்.

அவருடைய வலது கையை மேசைமேல் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம், அவர் கண் முன்னே, ஒரு ரப்பர் கையை வைத்தாள். இரண்டு தூரிகைகளை எடுத்து, மறைந்திருந்த கையையும் ரப்பர் கையையும் ஒரே நேரத்தில், ஒரே விரலில், ஒரே மாதிரி வருடினாள். இரண்டு நிமிடம் போயிருக்கும். பேயாண்டிக்கு ரப்பர் விரலில் கூசியது. அது தன் கையாகவே ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் ஒரு சுத்தியலை எடுத்து ரப்பர் கைமேல் ஓங்கிப் போட்டாள். பேயாண்டி அலறி எழுந்ததில் டீ முழுக்கச் சலவை வேட்டியில். அவர் பெண்டாட்டி ஜெயக்கொடி இரண்டு நாள் சிரித்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவேண்டுமே. டீக்கடையில் உட்கார்ந்து, அந்தக் கை சத்தியமாகத் தன் கைதான், தன் உசிரே அதற்குள் போய்விட்டு வந்தது என்று பெருமையாக அளந்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

அடுத்த முகூர்த்தத்தில் ஒரே நேரத்துக்கு இரண்டு கொடிக்காலில் நடவு. பேயாண்டி ஒன்றுக்குப் போய்விட்டார். இன்னொன்றின் சொந்தக்காரன் சுருளி யோசித்தான், பஸ் ஏறினான், விளாங்குடிக்கே போய் ரப்பர் கையைக் கேட்டான். வித்யாஸ்ரீ மறுத்திருக்கவேண்டும். இது எதுவரைக்கும் போகிறது பார்ப்போமே என்று அவளுக்கும் ஒரு குறும்பு. துணிப்பையில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். முதல் கொடியில் அந்தக் கையைத் தொட்டுவைத்து நட்ட வாரமே நல்ல மழை. சுருளியின் கொடிகள் மளமளவென்று ஏறின.

அதற்குப் பிறகு அந்தக் கை விளாங்குடிக்குத் திரும்பாமல் ஊரையே சுற்றி வந்தது. பேயாண்டியைக் கூப்பிட வருகிறவர்கள் வாசலோடு நின்று, நீங்கள் எதற்கு வெயிலில் அலையவேண்டும், கை வந்தால் போதும் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சோறு இறங்கவில்லை. கடைசியில் வித்யாஸ்ரீயிடமே போய் நின்றார்.

"அது என் கை இல்லைன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லும்மா. நான் உசிரோட இருக்கும்போதே என் எடத்துல அது உக்காந்திருக்கு."

வித்யாஸ்ரீக்கு நெஞ்சு குறுகுறுத்தது. சுருளி அடுத்த கொடிக்கால் போடும் நாளில் எல்லார் எதிரிலும் சுத்தியலால் அடித்துக் காட்டுவது என்று முடிவானது. பேயாண்டி அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும், அது வெறும் ரப்பர் என்று ஊருக்குப் புரிந்துவிடும்.

அன்றைக்கு ஊரே கூடியது. பேயாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு, ரப்பர், ரப்பர் என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தார். தூரிகை வருடியது. சுத்தியல் இறங்கியது. போன தடவையைவிட ஒரு முழம் கூடுதலாகவே துள்ளினார்.

கூட்டத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும். சுருளி ரப்பர் கையை எடுத்துத் துண்டால் பக்தியோடு துடைத்தான். ஏமாற்று என்று தெரிந்தாலும் உடம்பு ஏமாறத்தான் செய்யும் என்று வித்யாஸ்ரீ விளக்கினாள். யார் கேட்டார்கள். பேயாண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஜெயக்கொடி அதைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற மருதுவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். மருது நல்ல பையன்தான். ஆனால் அவன் போட்ட விதை முளைத்ததில்லை, ஊன்றிய முருங்கைக் கொம்புகூடப் பட்டுப்போகும் என்று பெயர் வாங்கியவன். நடவு நேரத்தில் அவனை யாரும் வரப்பில்கூட ஏறவிடுவதில்லை. நாற்காலி கிடைத்த சந்தோஷத்தில் கையை நீட்டினான். சுருளியிடமிருந்து ரப்பர் கையை வாங்கி, வித்யாஸ்ரீ ஒன்றும் புரியாமல் பழையபடி வருடினாள். சுத்தியல் விழுந்ததும் மருது போட்ட கூச்சலில் அகத்தி மரத்தில் இருந்த கொக்குகள் பறந்தன.

ஜெயக்கொடி ரப்பர் கையை எடுத்துச் சுருளியிடம் நீட்டினாள்.

"இந்தா, புடி. இப்ப மருது ராசியும் இதுக்குள்ள போயிருச்சு."

சுருளி இரண்டடி பின்னால் போனான். முன்பு அதைத் துடைத்த துண்டையும் வாய்க்காலில் எறிந்தான். பிறகு குரல் தழைந்து, "அண்ணே, நேரம் போகுது, வந்து கொடியப் புடிங்க" என்றான்.

காரணமே தப்பு, ராசி எதற்குள்ளும் போகாது, யாரும் எதையும் நிரூபிக்கவில்லை என்று வித்யாஸ்ரீ பேயாண்டியின் பின்னாலேயே வரப்பில் ஓடினாள்.

"காரணம் எதுவா இருந்தா என்ன தாயி," என்றார் பேயாண்டி குனிந்து கொடியை ஊன்றிக்கொண்டே. "என்னையக் கூப்புட்டுட்டாகல்ல."

சாயந்திரம் அவரே அவளைப் பஸ் ஏற்றிவிட்டார். வண்டியில் நல்ல கூட்டம், படியில்கூடத் தொங்கினார்கள். ரப்பர் கையை மடியில் வைத்திருந்த வித்யாஸ்ரீக்குப் பக்கத்து சீட் மட்டும் விளாங்குடி வரைக்கும் காலியாகவே போனது.