மத்தேயுவின் முழுநாள் லீவு

"ஒரு வருஷம்தான், புனிதம். கண்ணை மூடித் திறக்க முடிஞ்சிடும்."

"ஓம். போயிட்டு வாங்கோ."

"வேறை ஒண்டும் சொல்ல இல்லையோ?"

"வேறையென்ன? பஸ் வெளிக்கிடப் போகுது, ஏறுங்கோ."

முல்லைத்தீவுப் பஸ் நிலையத்தில் மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த இந்தப் பேச்சைப் புனிதமலர் மனத்துக்குள் எத்தனையோ தரம் திரும்பப் பேசிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தரமும் வேறு பதில் சொல்லியிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவர்களுடைய வள்ளம் வாடைக்காற்றில் உடைந்து கரையில் பலகை பலகையாகக் கிடந்தது. இடுப்பில் ஒரு வயதுச் சூசை. பிழைப்புத் தேடி வெளிக்கிட்ட மனிசனைப் போகாதே என்று மறிக்க அவளுக்கு வாய் வரவில்லை.

மத்தேயு கொழும்பில், கறுவாத்தோட்டத்தில், வழக்குப் பேசுகிற ஒரு புறக்டர் வீட்டில் சமையல்காரன் ஆனான். ஒரு வருஷம் இரண்டாகி மூன்றாகியது. ஆண்டுக்கு ஒரு தரம் வருவான். சூசை அவனுடைய மடியில் ஏறப் பழகுகிற நேரம் பெட்டியைத் தூக்குவான். இந்தத் தை மாதம் அவளுடைய தமையன் யாகப்பு வந்து சொன்னான்: "பங்குனியிலை கரைவலை துவங்குது. மச்சானை வரச் சொல்லு தங்கச்சி. வலையை நடத்த அவனை விட்டா எனக்கு ஆள் இல்லை."

அதைக் கடிதத்தில் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும். அந்த நேரம் பார்த்து மத்தேயுவின் கடிதம் வந்தது: 'நாலாந் தேதி சுதந்திர தினம். எனக்கு முழுநாள் லீவு. பிள்ளைகளோடு மெயில் ரெயிலில் வா. ஊர்வலம், பாண்ட் வாத்தியம், ஆகாயக் கப்பல் எல்லாம் காட்டுகிறேன்.'

மூத்தவள் ஞானமலருக்கும் நாட்டுச் சுதந்திரத்துக்கும் ஒரே வயது, ஏழு. அவளுக்கு நீலத்தில் ஒரு சட்டை தைத்து, சூசைக்குப் பொத்தான் வைத்த காற்சட்டை தைத்து, புறக்டர் வீட்டுக்கென்று நல்ல பாரைக் கருவாடு ஒரு பொட்டலம் கட்டி, மாங்குளத்தில் ரெயில் ஏறி, விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கினாள்.

மத்தேயு ஸ்டேஷனில் நின்றான். முகமெல்லாம் சிரிப்பு. "எட்டு மணிக்கு அம்மாவிட்டைச் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டா, முன்வரிசையிலை நிண்டு பாக்கலாம்!"

எட்டு மணிக்கு, புறக்டர் வீட்டுக் குசினி அடுப்படியில் அவர்கள் நிற்க, புறக்டரின் மனைவியான அந்த அம்மாவே அங்கே வந்தாள். நல்ல தமிழ் பேசுகிற நம்மவள்தான். காலையிலேயே பட்டுச் சேலை.

"மத்தேயு, ஒரு விஷயம். ஐயா பத்துப் பேரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிட்டார். நீ லீவை நாளைக்கு எடு."

"சரியம்மா."

புனிதமலர் காத்துக்கொண்டு நின்றாள். அடுத்து ஏதாவது சொல்வான். பிள்ளைகள் வந்திருக்கினம் என்றாவது சொல்வான். அவன் வெங்காயக் கூடையை எடுத்தான்.

நாளைக்கு எடுக்கிறதோ! நாளைக்கு எந்தப் பாண்ட் வாசிக்கும்? எந்த ஆகாயக் கப்பல் பறக்கும்? இதற்குள் அந்த அம்மாவின் மூக்கு கருவாட்டைக் கண்டுபிடித்துவிட்டது.

"இதென்ன நாத்தம்? விருந்தாக்கள் வாற நாளிலை! மத்தேயு, உந்தக் கருவாட்டைக் கொண்டுபோய் வெளியிலை எறி. இது உன்ரை மனிசியோ? நல்லதாய்ப் போச்சு. சும்மாதானே இருக்கிறாய், அந்த மீனை வெட்டிக் குடு."

'சும்மாதானே இருக்கிறாய்.' இருநூறு மைல் கடந்து, இரண்டு பிள்ளைகளை மடியில் கிடத்தி, முழு இரவு கண் விழித்து வந்தவளைப் பார்த்துச் சொன்ன சொல். மத்தேயு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு பின் கதவால் போனான். அவள் மீனை வெட்டினாள். முல்லைத்தீவுக் கரையில் பூனைக்குப் போடுகிற மீன் அது. இரண்டு நாள் ஐஸில் கிடந்ததை விருந்துக்கு வாங்கி வைத்துக்கொண்டு, அவளுடைய கருவாட்டை நாத்தம் என்கிறாள்!

மதிலுக்கு அப்பால் பாண்ட் கேட்டது. ஆகாயக் கப்பல்கள் போனபோது ஞானமலர் முற்றத்துக்கு ஓடினாள். மாமரக் கொப்புகளுக்கு நடுவில் ஒரு வால்தான் தெரிந்தது. சூசை குசினிக் கதவடியில் குந்தியிருந்து தகப்பனைப் பார்த்தான். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டுப் போட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, குனிந்து குனிந்து போகிற அப்பாவை அவன் இதுவரை கண்டதில்லை. அந்த வீட்டு ஆறு வயதுப் பெட்டை, "மத்தேயு, என்ரை சப்பாத்து" என்றாள். மத்தேயு முழங்காலில் இருந்து வார் கட்டிவிட்டான்.

கரையில் நின்று இந்த மனிசன் ஒரு சத்தம் போட்டால், வலை இழுக்கிற நாற்பது பேரும் காலை மாற்றி வைப்பார்கள். புனிதமலர் கண்ணை மறுபக்கம் திருப்பினாள்.

நாலு மணிக்குத்தான் விட்டார்கள். ஆறரைக்குத் திரும்பிவிட வேண்டுமாம், இரவுச் சாப்பாடு இருக்கிறதாம். மத்தேயு கோட்டை மாற்றக்கூட நிற்காமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினான். இரண்டு தட்டுப் பஸ்ஸின் மேல்தட்டில் ஏறினதுதான் தாமதம், காலையிலிருந்து வாடிக்கிடந்த பிள்ளைகள் கூத்தாடத் தொடங்கின. காலிமுகத்திடலில் கொடியும் பலூனும் பட்டமுமாக ஒரே சனம். ஐஸ் பழம் உருகிச் சூசையின் முழங்கைவரை சிவப்பாக வழிந்தது.

"அம்மா, இவ்வளவு சனமும் ஏன் சும்மா நிண்டு கடலைப் பாக்கினம்?" என்று கேட்டாள் ஞானமலர். "ஆரின்ரையும் வள்ளம் இன்னும் வரேல்லையோ?"

மத்தேயு விழுந்து விழுந்து சிரித்தான். "கடலை இவையள் பாக்கத்தான் வாறவை, பிள்ளை. வலை போட இல்லை."

"பிறகு?"

"பிறகு வீட்டை போவினம்."

"விசர்ச் சனம்!" என்றாள் ஞானமலர்.

புனிதமலருக்கும் சிரிப்பு வந்தது. கேட்கலாம், இப்போது கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். மத்தேயு கடலைக்காரனைக் கூப்பிட்டான். அவள் மூடிக்கொண்டாள்.

சூசை எங்கேயோ ஒரு அட்டைத் துண்டு பொறுக்கி, அதில் நாலு சிப்பியை வரிசையாக அடுக்கினான். தமக்கைக்காரி கடற்கரைச் சுவரில் ஏறி இருந்தாள். அவன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்தான். தலையைக் குனிந்தான். அந்தச் சின்ன முதுகை வளைத்து வளைத்து அவளுக்கு முன்னால் போய் நின்றான்.

"அம்மா, தேத்தண்ணி."

"சீனி காணாது!" என்றாள் ஞானமலர், காலை ஆட்டிக்கொண்டு.

"சரியம்மா. சரியம்மா."

அச்சடித்தாற்போல இருந்தது. பக்கத்தில் நின்ற சனம் சிரித்தது. ஒருத்தி கைகூடத் தட்டினாள். மத்தேயுவும் சிரிக்கத்தான் தொடங்கினான். பிறகு தன்னுடைய கோட்டுப் பொத்தானைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

புனிதமலர் எழும்பிப் போய் அட்டையைப் பிடுங்கிச் சிப்பிகளை மணலில் கொட்டினாள். சூசையின் முதுகில் கையை வைத்து நிமிர்த்தினாள்.

"நிமிர்ந்து நில்லடா!"

பிள்ளை பயந்து அழுதது. அதைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"விளையாடுறான் புனிதம், விடு," என்றான் மத்தேயு, மெல்ல. பிறகு, "நேரமாகுது. வாங்கோ, அம்மா தேடப்போறா."

"தேடட்டும்."

அவன் திகைத்துப்போய்ப் பார்த்தான். கலியாணம் முடித்து ஒன்பது வருஷத்தில் அவள் அவனுக்கு எதிர்க்கதை கதைத்ததில்லை.

"அவவிலை எனக்குக் கோவம்தான். ஆனா அவ ஆர், பிறத்தி. உங்களிலைதான் கூடக் கோவம். அதைவிட என்னிலை. அண்டைக்குப் பஸ்ஸடியிலை வேறை ஒண்டும் சொல்ல இல்லையோ எண்டு கேட்டீங்கள். இருந்தது. மூண்டு வருஷமாய் என்ரை நெஞ்சுக்குள்ளை கிடந்து நோகுது."

"என்னெண்டு சொல்லு."

அவள் சூசையின் தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

"பங்குனியிலை கரைவலை துவங்குது. அண்ணன் உங்களுக்கெண்டு இடம் வைச்சிருக்கிறார். இஞ்சாருங்கோ, அந்தக் கோட்டைக் கழட்டிக் குடுத்துப்போட்டு, எங்களோடை வீட்டை வாங்கோ."