நண்டுப் பாடம்

இறால் பண்ணையில் கழித்துப்போட்ட கறுப்புப் பொலித்தீனை இரண்டாம் வகுப்பின் அரைச்சுவருக்கு மேலே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள் ஸுலைஹா. கடற்காற்று அதைப் படகுப் பாய் போல உப்பவைத்துக் கையிலிருந்து பறித்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மல்டிமீடியா என்று சொல்கிற அந்தப் புரொஜெக்டருக்கு வெளிச்சம் ஆகாது. ஒரு கீற்று விழுந்தாலும் சுவரில் படம் தெரியாது.

"போதும் டீச்சர், இறங்குங்க," என்றார் பள்ளி அதிபர் ஹயாத்து முகம்மது. "வலயக் கல்விக் கந்தோர் அதிகாரிட வேன் சந்தி தாண்டிட்டாம். நீங்க குசினிக்குப் போயிருங்க."

"கடிதம், சேர்?"

"என்ட ஃபைல்லதான் இரிக்கி. பாடம் நல்லாப் போனா, தேத்தண்ணி குடிக்கக்குள்ள ஒப்பம் வாங்கித் தாரன். முதல்ல பாடம் போகட்டும்."

பதினொரு வருஷமாக அவள் அங்கே நியமனம் இல்லாத தொண்டர் ஆசிரியை. தொண்டர்களை வகுப்பில் விடக்கூடாது என்று சுற்றறிக்கை இருந்ததால், அதிகாரிகள் வரும் நாளெல்லாம் குசினிக்குள் இருந்தாள். இப்போது தொண்டர்களுக்கு நிரந்தர நியமனம் என்று அறிவித்திருந்தார்கள். இத்தனை வருஷம் படிப்பித்தாள் என்று வலயத்து அதிகாரி ஒப்பமிட்ட கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். நாற்பத்தைந்துக்கு மேல் எடுக்கமாட்டார்கள். அவளுக்கு நாற்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது.

குசினியில், பிள்ளைகளுக்குச் சமைக்கிற றஹ்மா ராத்தா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர். இண்டைக்கும் நீங்க என்ட ஆளா? இந்தாங்க, கீரைய ஆயுங்க. சும்மா இருந்தா பயம்தான் கூடும்."

"ராத்தா, சத்தம் போடாதீங்க. கேட்கணும்."

இன்றைய பாடமே அவள் செய்ததுதான். கண்டக்குழிக் கடற்கரையில் நண்டுகளை அவளே போனில் படம் பிடித்தாள். பள்ளிக்கூட லெப்டொப்பில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். அசையவைத்தாள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு குரலைப் பதிந்தாள். இப்போது அதை நடத்தப்போவது நியமனம் உள்ள டொறத்தி டீச்சர்.

சுவருக்கு அப்பால் கதிரைகள் இழுபட்டன. பிறகு அவளுடைய குரலே கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும் பிள்ளைகள். நான் ஸுலைஹா டீச்சர். இது என்ன, சொல்லுங்க பாப்பம்?"

கீரைத் தண்டு அவள் விரலில் முறிந்தது.

"அல்லாஹ்! பேரச் சொல்லிப்போட்டீங்களே!" என்றாள் றஹ்மா.

"வாய்ப் பழக்கம் ராத்தா. விடிஞ்சா வகுப்பில அதத்தானே சொல்றன். கழிக்க மறந்திட்டன்."

இரண்டு படம் நகர்ந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பிள்ளைகள் குசுகுசுக்கத் தொடங்கினார்கள். டொறத்தி டீச்சர் வெறும் போத்தலோடு குசினி வாசலுக்கு ஓடிவந்தாள்.

"தண்ணிக்கெண்டு சொல்லிப்போட்டு வந்தனான். லெப்டொப் திரை கறுத்துப்போச்சு ஸுலைஹா! இனி என்ன செய்யிற?"

"ஒண்டுமில்ல டீச்சர். நீளமான பட்டன ஒருக்காத் தட்டுங்க. ஒரே ஒருக்கா."

டொறத்தி போனாள். ஸுலைஹா எண்ணத் தொடங்கினாள். பதினேழு வரும்போது சுவருக்கு அப்பால் அவள் பதிந்த குரல் மறுபடி தொடங்கியது.

"ரெண்டு கொடுக்கையும் சேர்த்து எண்ணுங்க. எத்தன கால்? ஸியாத், மூக்கில இருந்து கைய எடு!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. "எடுத்திட்டன் டீச்சர்!" என்று ஸியாத் சுவரைப் பார்த்துக் கத்தினான். அதிகாரியும் சிரித்தார். "பத்து! பத்து!" என்று பிள்ளைகள் கூரை அதிரக் கூவினார்கள்.

"இன்னும் பயமா?" என்றாள் றஹ்மா. "மனிசன் சிரிக்கிறார். ஒப்பம் விழுந்தமாதிரித்தான்."

அரை மணி கழித்து அதிபர் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். கையில் அவளுடைய கடிதம் இருந்தது.

"பாடம் எண்டா பாடம், டீச்சர். வலயத்தில எல்லாப் பள்ளிக்கும் குடுக்கப்போறாராம். இப்ப என்ட அறையில இருந்து இன்னொருக்காப் பார்க்கணும் எண்டுறார். பென் டிரைவில போட்டுக் குடுங்க. உங்கட பேர் மட்டும் வேண்டாமாம். அதக் கழிச்சிருங்க."

"ஒப்பம், சேர்?"

"கடிதத்த எடுக்க முந்தியே, ஸுலைஹா டீச்சர் ஆரெண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டிட்டார். நான் என்ன சொல்ற? தொண்டர வகுப்பில விட்டன் எண்டா என்ட கழுத்துக்குக் கத்தி வரும். முந்தி இருந்தவ, இப்ப இல்லையெண்டு சொல்லிட்டன்." கடிதத்தை அவளிடம் நீட்டினார். "இல்லாத ஆளுக்கு எப்பிடி ஒப்பம் கேட்கிற?"

வகுப்பில் யாருமில்லை. ஸுலைஹா லெப்டொப்பின் முன் இருந்து, குரல் கோடாக ஓடும் இடத்தில் தன் பெயர் தொடங்குவதையும் முடிவதையும் தேடிப் பிடித்தாள். மூன்று விநாடிகூட இல்லை. கழித்தாள். பென் டிரைவை அதிபரிடம் கொடுத்தாள்.

குசினியில் றஹ்மா தேத்தண்ணித் தட்டைத் தூக்கியிருந்தாள். ஸுலைஹா அதை வாங்கிக்கொண்டாள்.

"விசரா உங்களுக்கு? எங்க போறீங்க?"

"நானே கேட்கிறன் ராத்தா."

அதிபரின் அறையில் அதிகாரி தன் லெப்டொப்பின் மீது குனிந்திருந்தார். அதிபர் அவளைக் கண்டதும் கண்ணை உருட்டினார். ஸுலைஹா கோப்பையை மேசையில் வைத்தாள். கடிதத்தை விரித்து, ஒப்பமிடும் கோடு அவர் பக்கம் இருக்கும்படி அருகில் வைத்தாள்.

"சேர், இது வந்து..."

"கொஞ்சம் பொறுங்கோ, மகள்." அவர் நிமிராமலே கையை உயர்த்தினார். "இதக் கேட்கிறன்."

லெப்டொப்பிலிருந்து குரல் வந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும் பிள்ளைகள். இது என்ன, சொல்லுங்க பாப்பம்?"

"என்ன தெளிவான குரல், சேர்! இப்பிடி ஒரு ஆள விட்டிட்டீங்களே," என்று அதிபரிடம் சொன்னவர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கோப்பையைத் தூக்கி ஒரு மிடறு குடித்தார். பிறகு அதைக் கடிதத்தின் மேல் வைத்தார். விளிம்பில் வழிந்த தேத்தண்ணி ஒப்பமிடும் கோட்டைச் சுற்றி வட்டமாக ஊறியது.