தண்ணீர் நிற்கிற பக்கம்

செங்கல் ஊறுகிற தொட்டிக்குள் கையை விட்டால் முதலில் குளிரும், பிறகு மரத்துப் போகும். நெட்டைக்கு அதெல்லாம் பழகிப்போயிருந்தது. குனிந்து கல்லை எடுப்பாள், தண்ணீரை உதறுவாள், தலையில் அடுக்கிக்கொண்டு சாரத்தின் பக்கம் போவாள். அவளுடைய உயரத்துக்கு அந்தப் பெயர்தான் வேலையிடத்தில் நிலைத்திருந்தது. கூப்பிடுகிறவர்களுக்கும் வசதி, எங்கே நின்றாலும் தலை தெரியும்.

கண்ணும் கையும் வேலையில் இருந்தாலும் காது மகளிடம்தான் இருக்கும். மகள் பொட்டு நடக்கக் கற்றதும் நேராக ஓட்டத்துக்குப் போய்விட்டவள். அங்கே பிள்ளையோடு வேலைக்கு வரும் பெண்கள் ஓர் உபாயம் வைத்திருந்தார்கள். சோடா மூடிகளில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்துக் குழந்தையின் காலில் கட்டிவிடுவார்கள். சத்தம் கேட்கும்வரை பிள்ளை பத்திரம். சத்தம் நின்றால் தூங்கிவிட்டது என்று அர்த்தம், அதன்பிறகு நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

அன்று மதியம் பொட்டுவின் சத்தம் நின்றது. மணல் குவியலின் நிழலில் தூங்கிவிட்டாள் என்று நெட்டை நினைத்தாள். அப்பாடா என்றும் நினைத்தாள். அடுத்த நடைக்குத் தொட்டிக்கு வந்தபோது தண்ணீரில் ஒரு மஞ்சள் துணி மிதந்தது. யாருடைய துண்டு இது என்று எட்டி எடுக்கப் போனவளுக்கு, துணிக்குள் பிள்ளை இருப்பது கையில் பட்ட பிறகுதான் தெரிந்தது.

தூக்கியபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. கழுத்து நிற்கவில்லை. கட்டிடத்தின் நீச்சல் குளத்துக்கு வேலி அடிக்க வந்திருந்த வெல்டர் ஓடிவந்து பிள்ளையை வாங்கித் தரையில் கிடத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினார். விடாமல் ஊதினார். பொட்டு இருமினாள், தண்ணீரைக் கக்கினாள், பிறகு மேல் தளத்துக்கே கேட்கும்படி வீறிட்டு அழுதாள். நெட்டை வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை. அழுதுவிட்டாளே, இனிமேல் பயமில்லை என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். வெல்டர் காதில் வாங்கவில்லை. தாயையும் பிள்ளையையும் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

நெஞ்சில் தண்ணீர் போயிருக்கலாம் என்று ஓர் இரவு வைத்துப் பார்த்தார்கள். ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லையே அம்மா என்று நெட்டை மருத்துவரிடம் கேட்டாள். மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையைக்கூட அடிக்காது, முழங்கால் தண்ணீரே போதும் என்று அந்த அம்மாள் சொன்னார். மூடிகள் இன்னும் பொட்டுவின் காலில்தான் இருந்தன. நெட்டை கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

நெட்டை திரும்பி வந்ததும் மேஸ்திரி பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். பிறகு குரலை மாற்றிக்கொண்டார்.

"முழங்கால் தண்ணி அது. பிள்ளையைப் பாத்துக்க முடியலைன்னா வீட்ல விட்டுட்டு வரணும். மேல்தளத்துக்கு கான்கிரீட் போட்டு முடியட்டும், அப்புறம் பிள்ளையோட வர்ற யாருக்கும் இங்க வேலை இல்ல."

வீடு என்று அவர் சொன்னது தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த தகரக் கொட்டகையை. அதில் கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாக்கு தொங்கியது. அதற்குள் விடப்பட்ட பிள்ளை எவ்வளவு நேரம் அங்கே இருக்கும் என்பது மேஸ்திரிக்கும் தெரியும். தொட்டியைச் சுற்றி ஒரு வேலி போடலாமே என்று நெட்டை கேட்டபோது, செங்கல் தொட்டிக்கு வேலியா என்று அவர் சிரித்துவிட்டுப் போனார்.

அவள் திரும்பி நீச்சல் குளத்தைப் பார்த்தாள். நீல ஓடு பதித்த குளம், துடைத்துவைத்த தட்டைப் போலக் காய்ந்து கிடந்தது. அதைச் சுற்றி இடுப்புக்கு மேல் உயரமான கம்பி வேலி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. கதவின் தாழ்ப்பாள் உச்சியில் இருந்தது. பெரியவர்கள் கைதான் எட்டும்.

சாயங்காலம் குழாயடியில் கைகால் கழுவும்போது பெண்கள் பேசிக்கொண்டார்கள். வேலை போய்விடுமே என்று ஒருத்தி அழுதாள். பிள்ளை போனால் என்ன செய்வாய் என்று இன்னொருத்தி கேட்டாள். கான்கிரீட் நாள்வரை பொறுப்பது என்று முடிவானது.

கான்கிரீட் நாள் வந்தது. மேல்தளத்தை ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் பழையதும் புதியதும் ஒட்டாது, ஆயுசுக்கும் ஒழுகும். அதனால் அன்று மட்டும் பெரிய இன்ஜினியரே வந்து நிற்பார். கீழிருந்து மேல்வரை பெண்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டி கைமாற்றத் தொடங்கினார்கள். தளத்தின் ஒரு மூலை நிரம்பியதும் நெட்டை தன் கைக்கு வந்த சட்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கீழே இருந்தவள் வைத்தாள். படி முழுக்கச் சட்டிகள் வரிசையாக உட்கார்ந்தன. கலவை இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி கத்தினார், பிறகு கெஞ்சினார். இன்ஜினியர் படியிறங்கி வந்தார்.

"என்னம்மா வேணும்?"

அவரைவிட நெட்டை ஒரு தலை உயரம். முதல் முறையாக அதற்காகக் குனியாமல் நின்றாள்.

"அங்க தண்ணியே இல்ல சார், வேலி நிக்குது. இங்க தண்ணி நிக்குது, வேலி இல்ல. அதைக் கழட்டி இங்க வைங்க."

ஞாயிற்றுக்கிழமை வீடு வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்கள், அதற்காகத்தான் வேலி என்றார் இன்ஜினியர். தன் பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை இருக்க வேண்டும் என்றாள் அவள். வெல்டர் யாரும் சொல்லாமலே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குளத்தடியில் போய் நின்றார். இயந்திரத்துக்குள் கலவை இறுகத் தொடங்கியிருந்தது.

"சரி, இப்போதைக்கு மாத்தி வைங்க."

"இப்போதைக்கு இல்ல சார், தண்ணி இருக்கிற வரைக்கும். பிள்ளைங்கள பாத்துக்க எங்கள்ல ஒருத்தி முறைவெச்சு நிப்பா, அதுவும் வேலைதான். பிள்ளையோட வர்றவங்களை நிறுத்தக் கூடாது."

இன்ஜினியர் மேல்தளத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தலையாட்டினார். கதவு பூட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் சட்டியைத் தொடுவோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். வெல்டர் அன்றைக்கு வேலை செய்த வேகத்தை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் மேலிருந்து கீழ்வரை ஒரு கூச்சல் எழுந்தது, மேஸ்திரியின் தலைப்பாகை யார் கையிலோ பறந்தது. பிறகு சட்டிகள் ஓடின. இருட்டுவதற்குள் தளம் முடிந்தது. அவ்வளவு சீக்கிரம் முடிந்த கான்கிரீட் தன் காலத்தில் இல்லை என்று மேஸ்திரியே சொன்னார்.

மறுநாள் அவர் ஒரு கட்டளையோடு வந்தார். வேலி பிறகு நீச்சல் குளத்துக்குப் போக வேண்டியது, அப்போது புதிதாகவே இருக்க வேண்டுமாம், அதனால் பிளாஸ்டிக் உறையை யாரும் பிரிக்கக் கூடாது.

அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்க்கும் முறை நெட்டையுடையது. அவள் கையில் வேறு வேலை இல்லை, கண் மட்டும்தான் வேலை. பொட்டு வேலிக்கு வெளியே நின்று கதவை ஆட்டிப் பார்த்தாள். திறக்கவில்லை. பிறகு கம்பியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் முனையைக் கண்டுபிடித்து உரிக்கத் தொடங்கினாள். ஒரு கம்பி, அடுத்த கம்பி. தாழ்ப்பாள் உயரத்தில் உறை அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, அவள் கை எட்டிய உயரம்வரை, கம்பிகள் வெயிலில் பளபளத்தன. நெட்டை பார்த்துக்கொண்டேயிருந்தாள், தடுக்கவில்லை.