கஞ்சிக்கு முன் ஒரு நல்ல வார்த்தை

கொரியாவில் சண்டை ஓயப்போகிறது என்று பேப்பரில் வந்தபோது உலகமே சந்தோஷப்பட்டதாகச் சொல்வார்கள். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. சிப்பாய்க்கு பூட்ஸ் வேண்டாமென்றால் தோலை யார் வாங்குவது? பட்டணத்துக் கமிஷன் கடையிலிருந்து வந்துகொண்டிருந்த தந்திகள் முதலில் குறைந்தன, அப்புறம் நின்றே போயின. பேகம்பூர்ப் பக்கத்து ஷாப்புகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. ரயிலில் போகிறவர்கள் மூக்கைப் பொத்தாமல் திண்டுக்கல்லைத் தாண்ட ஆரம்பித்தார்கள். ஊருக்குக் கெட்டகாலம் வந்துவிட்டது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை.

அப்துல் கையூம் ராவுத்தர் மட்டும் சாத்தவில்லை. அவர் மனசு இளகினது என்று அவர் வீட்டம்மா சர்புன்னிசா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார். தொழில் தெரிந்த ஆட்கள் ஒரு தடவை கலைந்துவிட்டால் திரும்பச் சேர்க்க மூன்று வருஷம் ஆகும், அந்தப் பயம்தான் என்று எதிர்க்கடை டீக்காரர் சொன்னார். இரண்டும் உண்மையாக இருந்திருக்கலாம். மனுஷனுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

நாற்பது பேரையும் கூட்டி, "ஒருத்தரையும் போகச் சொல்ல மாட்டேன். அரைக் கூலி, மத்தியானம் கஞ்சி. தை மாசம் எப்படியும் ஆர்டர் வந்துரும். நீங்களும் என்னைய விட்டுட்டுப் போயிராதீங்க" என்றார் ராவுத்தர். கூட்டம் கலைந்ததும் மேஸ்திரி மொக்கைச்சாமியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பொன்னழகு இருந்தா மத்தவங்க இருப்பாங்க. அவன் போனா ஷாப்பே அவன் பின்னாடி போயிரும். அவனை நிறுத்துறது ஒன் பொறுப்பு, அப்பு."

மொக்கைச்சாமிக்கு அந்த ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. பொன்னழகு வேறு யாருமில்லை, அவர் தங்கை பழனியம்மாளின் புருஷன். அகரத்திலிருந்து அவர் கூட்டிவந்து சேர்த்த பன்னிரண்டு பேரில் முதல் ஆள். இரண்டு கைப்பிடி வைத்த வளைந்த கத்தியால் தோலின் உள்பக்கத்தைச் சீவுவான். நாலணாக் காசின் கனத்துக்குச் சீவு என்றால் மூலைக்கு மூலை அதே கனம் நிற்கும். திருச்சி ஷாப்புக்காரர்கள் ஏற்கெனவே இரண்டு தடவை ஆள் விட்டிருந்தார்கள். இது பொன்னழகு வாயால் வெளிவரவில்லை. பழனியம்மாள் குழாயடியில் சொல்லி ஊருக்கே தெரியும்.

அந்த ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கும் பெயர் கிடையாது. அவரவர் வேலை பார்க்கும் குழியின் நம்பர்தான் பெயர். "மூணாம் குழி, இங்க வா", "பதினாலாம் குழிக்கு இன்னைக்குக் காச்சலாம்." பொன்னழகு ஏழாம் குழி. பதினோரு வருஷமாக ராவுத்தருக்கு அவன் ஏழாம் குழிதான். மந்தம் வந்ததும் ராவுத்தருக்கு என்ன தோன்றியதோ, கணக்கப்பிள்ளை கிதர் முகம்மதுவிடம் ஒரு புது நோட்டைக் கொடுத்து நாற்பது பெயரையும் எழுதச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு நல்ல வார்த்தையைத் தன் கையாலேயே எழுதினார். தினமும் கஞ்சிக்கு முன்னால் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து அதை வாசிக்க வேண்டும். யாரும் விடுபடக்கூடாது. வேலை இருந்த காலத்தில் நம்பரோடு இருந்த ஆட்களுக்கு வேலை போன காலத்தில் பெயர் கிடைத்தது.

"கண்ணுசாமி. சுண்ணாம்புக் குழியில இறங்குனா கரையேறத் தெரியாத உழைப்பாளி" என்று கிதர் முகம்மது பாங்கு சொல்லும் குரலில் வாசிப்பார். கண்ணுசாமி கழுத்தை நிமிர்த்திக்கொள்வார். தோல் ஊறவைக்க ஆவாரம் பட்டை இடிக்கும் அய்யம்மாளுக்கு, "உலக்கை பிடித்தால் இரண்டு ஆள் வேலை." அய்யம்மாள் சிரித்தபடியே, "ரெண்டாள் வேலைக்கு அரையாள் கூலி. அதையும் எழுதுங்க சாமி" என்பாள். சிரிப்பு எழும். ஆனால் முதல் வாரத்தில் இரண்டு பெயர் விட்டுப்போனபோது அந்த இருவரும் கஞ்சியைத் தொடாமல் எழுந்து போனதையும் சொல்ல வேண்டும். கேலி பேசிக்கொண்டே எல்லாரும் காது கொடுத்துக் காத்திருந்தார்கள்.

நல்ல வார்த்தை கஞ்சி நேரத்துக்குச் சரி. காலை எட்டு மணி முதல் என்ன செய்வது? சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கிணறு தூர் வாரினார்கள். அப்புறம் செய்ய ஒன்றுமில்லாமல் போகவே, மொக்கைச்சாமி மேற்கு மூலையில் கிடந்த ஆவாரம் பட்டைக் கட்டுகளைக் கிழக்கே தோல் காயப்போடும் நிழல் கொட்டகைக்குச் சுமக்கச் சொன்னார். அடுத்த வாரம் அதையே மேற்கே. அதற்கடுத்த வாரம் மறுபடி கிழக்கே.

"மேஸ்திரியண்ணே, இந்தப் பட்டைக்கு எந்தத் திசையில கல்யாணம் நடக்கப்போவுது? இம்புட்டு ஊர்கோலம்!" என்றாள் அய்யம்மாள்.

பொன்னழகு சிரிக்கவில்லை. பட்டையைச் சுமந்தான், இறக்கினான், கஞ்சி நேரத்தில் வரிசையில் உட்காராமல் கிணற்றடிக்குப் போய்விட்டான். அவன் பெயர் நோட்டில் கடைசி. கூட்டத்தில் பெரிய மனுஷனைக் கடைசியில் பேசக் கூப்பிடுவதுபோல ராவுத்தர் வேண்டுமென்றே அப்படி எழுதியிருந்தார். அந்தப் பெயர் வரும்போது ஆள் இருக்கமாட்டான். கிதர் முகம்மதுவும் நோட்டை மூடிவிடுவார்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை பொன்னழகு கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருப்பதை மொக்கைச்சாமி பார்த்தார்.

"என்ன மாப்ளே, இது?"

"வெள்ளிக்கெழமை திருச்சி வண்டிக்குப் போறேன் மச்சான்."

"மொதலாளி அரைக் கூலியாச்சும் குடுக்குறாரு. ஒருத்தரையும் கைவிடல..."

"கூலிக்கா போறேன்? இங்க நான் என்ன செய்யிறேன்? செமக்குறேன், எறக்குறேன். என் கையப் பாரு. காய்ப்பு உதிர்ந்து பொம்பளக் கை மாதிரி ஆகிப்போச்சு. இன்னும் ரெண்டு மாசம் போனா கத்தி என்னைய யாருன்னு கேக்கும்."

ராவுத்தர் அன்று காலைதான் ஆர்டர் தேடிப் பட்டணத்துக்கு ரயிலேறியிருந்தார். கிட்டங்கிச் சாவி மொக்கைச்சாமி இடுப்பில் இருந்தது. உள்ளே நானூறு தோல். பட்டைத் தண்ணீர் முடிந்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் முக்குவது மட்டும் பாக்கி. வாங்குகிற ஆள் வந்தபிறகு அதைச் செய்துகொள்ளலாம் என்று ராவுத்தர் வைத்திருந்தார். கடுக்காய் பார்க்காத தோல் வெயிலைப் பார்த்தால் செங்கல் நிறமாகிவிடும் என்பது அந்த ஷாப்பில் ஈ எறும்புக்கும் தெரியும். வெள்ளைக்காரன் கேட்பது வெளுத்த மஞ்சள். சிவந்த தோலுக்கு உள்ளூர்ச் செருப்புக் கடைதான் கதி.

மொக்கைச்சாமி யோசித்தார். யோசித்தார் என்று சொல்வது மரியாதைக்கு. தங்கை புருஷனின் கையைப் பார்த்தார், சாவியை எடுத்தார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை கிட்டங்கித் தோலைச் சீவுவதற்கு நனைத்து எடுத்ததும் ஷாப்பே வேறு இடமாகிவிட்டது. பொன்னழகு மரத்தண்டின்மேல் தோலைப் போட்டுக் கத்தியை ஓட்டிய சத்தம் கேட்டு மற்றவர்களும் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டார்கள். ஒருவன் கொண்டுவர, ஒருவன் சீவ, ஒருவன் விரித்துப் போட என்று வேலை தானாக ஓடியது. அய்யம்மாள்கூட வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சீவிய தோலை நிழல் கொட்டகையில்தான் காயப்போட வேண்டும். கொட்டகை நிறைய ஆவாரம் பட்டை. அந்த வாரம் பட்டைக்குக் கிழக்கு முறை.

"வானம் மூடித்தான கெடக்கு. முத்தத்துலயே கயிறு கட்டுங்க. வெயில் எட்டிப் பாத்தா அள்ளிருவோம்" என்றார் மொக்கைச்சாமி.

நானூறும் கயிற்றில் ஏறி முடியவும் கஞ்சிச் சட்டி வந்தது. பழைய நாளில் முற்றத்தில் தோல் கிடந்தால் பாதிக் குழி சாப்பிடும், பாதிக் குழி காவல் நிற்கும். மொக்கைச்சாமி கண்ணுசாமியைப் பார்த்து, "நீ செத்த நேரம் நில்லப்பா" என்றார்.

"நல்லாருக்கே! எம்பேரு வாசிக்கிற நேரத்துல நான் தோலுக்குக் காவலா?"

வேறு இரண்டு பேரைக் கேட்டார். அவர்களுக்கும் அதே வருத்தம். இத்தனை நாள் பொய் வேலைக்குப் பாராட்டு வாங்கியவர்கள், நிஜ வேலை பார்த்த அன்று அதை விடுவார்களா? மொக்கைச்சாமி வானத்தைப் பார்த்தார். மேகம் அசையாமல் நின்றது. சரி, உட்காருங்கள் என்றார்.

பொன்னழகும் வந்து வரிசையின் கடைசியில் உட்கார்ந்தான். முதல் தடவையாக. கையில் புதிதாக ஒரு கொப்புளம். அதை மற்றக் கையின் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

கிதர் முகம்மது அன்று உற்சாகத்தில் இருந்தார். எழுதியிருந்ததை வாசித்ததோடு நிற்காமல், காலையில் கண்ணால் பார்த்ததையும் சேர்த்துச் சேர்த்துச் சொன்னார். ஆளுக்கு இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். கஞ்சி ஆறிப்போனது. இருபதாவது பெயருக்கு முன்பே வாசற்படிக்கு வெளியே தரை பளிச்சென்று வெளுத்ததை மொக்கைச்சாமி பார்த்தார். எழுந்திருக்க முழங்காலில் கையை ஊன்றினார். ஊன்றியபடியே வரிசையின் கடைசியைப் பார்த்தார். இப்போது எழுந்தால் எல்லாரும் எழுவார்கள். நோட்டு மூடிவிடும். பொன்னழகு சாக்கை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை போய்விடுவான். இன்னும் பத்து பேர், இன்னும் எட்டு பேர் என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

முப்பத்தொன்பதாவது பெயர் முடிந்தது. கிதர் முகம்மது கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பொன்னழகு" என்றார்.

"அய்யோ மேஸ்திரியண்ணே! தோலு செவந்துபோச்சு!"

தன் பெயர் வாசித்து முடிந்ததும் தண்ணீர் எடுக்கப் போயிருந்த அய்யம்மாளின் குரல் அது. எல்லாரும் எழுந்து ஓடினார்கள். முற்றம் முழுக்கச் செங்கல் சூளை மாதிரி தோல் காய்ந்துகொண்டிருந்தது. கயிற்றிலிருந்து எடுத்தபோது சிலது அப்பளம்போலச் சத்தம் போட்டது. பொன்னழகு ஒன்றை மட்டும் எடுத்துக் கனம் பார்த்தான். மூலைக்கு மூலை ஒரே கனம். கீழே வைத்தான்.

மச்சான் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் பொன்னழகால் வெள்ளிக்கிழமை திருச்சி வண்டி ஏற முடியவில்லை. சனிக்கிழமை ராவுத்தர் வந்து சேர்ந்தார். ஆர்டரோடுதான் வந்தார். நானூறு தோல், வெளுத்த மஞ்சள், பதினைந்து நாளில். கிட்டங்கியில் நிற்கும் சரக்கை நம்பிப் பேசி முடித்த பேச்சு. மனுஷன் கத்துவார் என்று தெருவே கதவோரம் நின்றது. கத்தவில்லை. ஒரு சிவப்புத் தோலின்மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"நீ எனக்காகத்தான் செஞ்சிருப்பே, மொக்கைச்சாமி. அதுதான் என்னால திட்டவும் முடியல" என்றார். பிறகு, "ஒண்ணுலேர்ந்து இருவது வரை குழியை மூடிரு. நீ இரு. பச்சைத் தோல் வாங்க இனி வழியில்ல, கத்தி வேலையும் இல்ல. அந்த ஆளுககிட்டத் திங்கக்கெழமை நீயே சொல்லிரு."

திங்கட்கிழமை காலையில் மொக்கைச்சாமி கூட்டியதும் எல்லாரும் பழக்கதோஷத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கிதர் முகம்மது நோட்டை மொக்கைச்சாமி பக்கம் நீட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார்.

"ஒண்ணாங் குழி" என்றார். ஒருவன் எழுந்தான். "ரெண்டாங் குழி. மூணாங் குழி." எழுந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். நம்பர் சொன்னால் எழுவது பழைய பழக்கம்.

"ஏழாங் குழி."

பொன்னழகு எழவில்லை. "பேரச் சொல்லு மச்சான்."

மொக்கைச்சாமி வாயைத் திறந்தார். "ஏழு..." என்றுதான் வந்தது.

"சரி விடு. கணக்கப்பிள்ளை, அன்னைக்கு எம்பேரோட நிறுத்தினீங்களே. பாக்கியையும் வாசிச்சிருங்க. கேட்டுட்டுப் போறேன்."

கிதர் முகம்மது கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அன்று பாங்குக் குரல் வரவில்லை.

"பொன்னழகு. இவர் கத்தி இருக்கும்வரை இந்த ஷாப்புக்குப் பயமில்லை."

பொன்னழகு தலையை ஆட்டினான். "மொதலாளி சரியாத்தான் எழுதியிருக்காரு" என்று எழுந்து, சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். திருச்சிக்காரர்கள் வெள்ளிக்கிழமையே வேறு ஆள் எடுத்துவிட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும், மொக்கைச்சாமிக்கும் தெரியும். பழனியம்மாள் குழாயடியில் சொல்லியிருந்தாள்.

"எட்டாங் குழி" என்றார் மொக்கைச்சாமி, வாசலைப் பார்க்காமல்.

மிச்சமிருந்தவர்கள் பத்து மணிக்கு மேல் கொட்டகையிலிருந்த ஆவாரம் பட்டையை மேற்கே சுமந்தார்கள். சிவந்த தோலையாவது நிழலில் வைத்து உள்ளூரில் தள்ளப் பார்க்கலாம் என்று ராவுத்தர் சொல்லியிருந்தார். இந்தத் தடவை அந்த வேலைக்கு உண்மையாகவே அவசியம் இருந்தது. சுமக்கத்தான் ஆள் பற்றவில்லை.